கண்ணாடியை உள்ளே தள்ளச் சொன்னவள்

பிரபு,

இதைத் தமிழில் எழுதுகிறேன். நீ பள்ளியில் படித்தது கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் எழுத்து அம்மா வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது. அதனால் உனக்கு மெதுவாகத்தான் படிக்க வரும். மெதுவாகவே படி. போனில் சொல்லிவிடலாம் என்று பல தடவை முயன்று பார்த்தேன். நீ "சொல்லுங்கப்பா" என்றதும், சாப்பிட்டாயா, பெங்களூரில் மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்று பேசியவனுக்குச் சொந்த மகனிடம் பேச நாக்கு புரளவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் ஜெர்மனிக்குக் கிளம்ப இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. அதற்கு முன் உனக்கு ஒரு உண்மை தெரிய வேண்டும். மெர்சியை நான் வேண்டாம் என்றதற்கு அவள் சர்ச்சுக்குப் போகிறவள் என்பது காரணம் கிடையாது. உன்னிடம் அப்படித்தான் சொன்னேன். உன் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன், சரோஜா அத்தையையும் அப்படியே நம்பவிட்டேன். அது பொய். உண்மையான காரணம் அதைவிட ரொம்பச் சின்னது. அவ்வளவு சின்னதாக இருப்பதால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்க முடியவில்லை.

போன வருஷம் பொங்கலுக்கு நீ அவளை முதல் தடவை வீட்டுக்குக் கூட்டி வந்தாய். முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தாய்: ஆண்டர்சன்பேட்டைப் பெண், பெங்களூரில் ஒரு கம்பெனியில் லேசர் வேலை, பார்த்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்கும் என்று. எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ பிசியோதெரபி படிக்கப் போனபோது, நம் வீட்டில் பிசிக்ஸ் என்னோடு முடிந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. மருமகள் மூலமாக அது திரும்பி வருகிறது என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அன்று சாப்பாட்டுக்கு சரோஜாவையும் அருள் மாமாவையும் கூப்பிட்டேன். காலேஜில் என்னோடு கெமிஸ்ட்ரி எடுத்த நாகராஜ் சாரையும் வரச் சொன்னேன். அவரை ஏன் கூப்பிட்டேன் என்று இப்போது யோசித்தால், மருமகளைக் காட்டுவதற்கு அல்ல, மருமகள் முன்னால் என்னைக் காட்டிக்கொள்ளத்தான்.

அந்தச் சமயத்தில் என் அறையில் மேஜை மேல் ஒரு கருவியைக் கட்டிக்கொண்டிருந்தேன். உனக்கு நினைவிருக்கும். காலேஜில் அறிவியல் கண்காட்சி வருகிறது, பழைய ஆசிரியர் ஒருவர் எதையாவது செய்து காட்டினால் பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும் என்று கேட்டிருந்தார்கள். ராபர்ட்சன்பேட்டை ஃபேன்சி கடையில் வாங்கிய சிவப்பு லேசர் பாயிண்டர், பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் ஒரு கண்ணாடித் துண்டு, முகம் பார்க்கும் கண்ணாடி போல இரண்டு. ஒளி இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கம் போய், இரண்டு கண்ணாடியிலும் பட்டுத் திரும்பி, மறுபடி ஒன்றாகச் சேரும். சேரும் இடத்தில் ஒரு லென்ஸை வைத்தால் சுவரில் கறுப்பும் சிவப்புமாக வளையங்கள் தெரிய வேண்டும். இரண்டு அலைகளும் கால் ஒத்து வந்து சேர்ந்தால் வெளிச்சம், கால் மாறி வந்து சேர்ந்தால் இருட்டு. அதுதான் வளையம். எனக்கு வெறும் சிவப்புத் திட்டுதான் தெரிந்தது. ஒரு வாரமாகக் கண்ணாடியைத் துடைப்பதும், சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் புழுதிதான் காரணம் என்று ஜன்னலைச் சாத்துவதுமாக இருந்தேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் அதை எல்லோருக்கும் காட்டினேன். வளையம் வரவில்லை, மேஜை ஆடுகிறது, சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மெர்சி குனிந்து பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல்தான் பார்த்தாள்.

"சார், ரெண்டு பக்கமும் ஒரே தூரமா?" என்று கேட்டாள்.

"இல்லை. இது ஒரு அடி, அது ஒன்றரை அடி. மேஜைல இடம் இல்ல. அதனால இன்னா?"

"அதான் சார் வரலைன்னு நினைக்கிறேன். அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் உள்ள தள்ளி ரெண்டையும் சமமாக்கிட்டா வந்துடும்."

நான் நாகராஜ் சாரைப் பார்த்துச் சிரித்தேன். "லேசருக்கு எதுக்கும்மா சமம்? சாதாரண விளக்கா இது? லேசர்னா ஒரே நிறம். எவ்வளவு தூரம் போனாலும் அலை ஒண்ணாத்தான் போகும்."

அவள் எவ்வளவு பொறுமையாகச் சொன்னாள் என்பதை நீயும் கேட்டாய். "ஒரே நிறம்தான் சார், ஆனா அதுக்குள்ளயும் ஒரு சின்ன அகலம் இருக்கு. லைன்விட்த். இந்த மாதிரி பாயிண்டர்ல அந்த அகலம் ரொம்ப அதிகம். பக்கத்துப் பக்கத்து நிறத்துல நிறைய அலைங்க ஒண்ணாக் கிளம்புது. கிளம்பும்போது காலெல்லாம் ஒண்ணா இருக்கும். ஆனா ஒவ்வொண்ணும் வைக்கிற அடி துளி வித்தியாசம். கொஞ்ச தூரம் போனதும் கலைஞ்சுடும். அகலம் எவ்வளவு ஜாஸ்தியோ அவ்வளவு சீக்கிரம் கலையும். கலையாம எவ்வளவு தூரம் போகுதோ அதான் கோஹரன்ஸ் லென்த். இதுல சில மில்லிமீட்டர் தாங்கினாலே பெருசு. நீங்க அரை அடி வித்தியாசம் வெச்சிருக்கீங்க. போய்ட்டு வர்றதால அது ஒரு அடி ஆயிடுது."

அதோடு, தன் கம்பெனியில் பாலங்களுக்கு அடியில் கேபிள் பதித்து அதற்குள் லேசரை விடுவார்கள், பாலம் எங்கே லேசாக இழுபட்டாலும் தெரிந்துவிடும், அந்த லேசருக்கு அகலம் ரொம்ப ரொம்பக் குறைவு, அதனால் கிலோமீட்டர் கணக்கில் போனாலும் கலையாது என்றாள். பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் சொன்னாள்.

அவள் சொல்லி முடித்த நேரத்தில் என் மனசுக்குள் ஏதோ ஒன்று சரி என்றது. இதையும் நான் மறைக்கக் கூடாது. அவள் சொன்னது முழுக்கப் புதிதாக இருந்திருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ. பாதி தெரிந்ததாக இருந்தது. எப்போதோ படித்து, பரீட்சைக்கு வராது என்று தாண்டிப்போன ஒன்று. வகுப்பில் லேசர் பாடம் எடுக்கும்போதெல்லாம் "எவ்வளவு தூரம் வேண்டுமானாலும்" என்றுதான் சொல்லி வந்தேன். ஒரு வருஷம் ஒரு பெண் எழுந்து, எவ்வளவு தூரம் என்றால் அதற்கு அளவே இல்லையா சார் என்று கேட்டாள். உட்காரம்மா, சிலபஸை முடிக்கணும் என்றேன். காலேஜ் லேப் லேசரில் கருவி கைக்கடக்கமாக இருக்கும், அந்தத் தூரத்துக்கு வளையம் எப்போதும் வந்துவிடும். அதனால் என் தப்பை என் கண்ணுக்குக் காட்ட யாரும் வரவில்லை. வந்தவள் என் வீட்டில், நான் சார் என்று பெயர் வாங்கிய ஊரில், என் நண்பர் முன்னால் வந்து காட்டினாள்.

"எங்க படிச்சேம்மா?" என்று கேட்டேன். சொன்னாள். "அங்க இதைத்தான் சொல்லிக்குடுத்தாங்களா? மிஷின் ஓட்டறது வேற, பிசிக்ஸ் தெரியறது வேற. பட்டனைத் தட்டறவங்கல்லாம் பிசிக்ஸ் பேசினா நாங்க எதுக்கு இத்தனை வருசம் சாக்பீஸ் புடிச்சோம்?"

நாகராஜ் சார் மரியாதைக்குச் சிரித்தார். அருள் மாமா, "சாப்பாடு ஆறுது, வாங்க எல்லாரும்" என்றார். மெர்சி கருவியிலிருந்து நிமிர்ந்தாள். பிறகு, "சரி சார். நான் தப்பாக்கூடச் சொல்லியிருக்கலாம்" என்றாள். அவள் தப்பாகச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். என் வீட்டில் என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். அதை நான் என் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். இலையில் உட்கார்ந்த பிறகும் விடவில்லை. வடை கேட்கும்போது "கிலோமீட்டர் கணக்குல போடு" என்று அவள் குரலிலேயே சொன்னேன். நீ இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாய். அவளை நான் அன்று முழுக்க ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

அடுத்த நாள் மத்தியானம், நீங்கள் பெங்களூருக்குப் போன பிறகு, அறை ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு இருட்டாக்கினேன். காலேஜ் கழித்துப்போட்ட ஒரு பழைய மைக்ராஸ்கோப்பின் அடிப்பாகம் என்னிடம் இருந்தது. திருகைத் திருப்பினால் மேலே இருப்பது மயிரிழை மயிரிழையாக நகரும். தூரத்துக் கண்ணாடியை அதன்மேல் நிறுத்தி, அம்மாவைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, ஸ்கேலால் அளந்து உள்ளே கொண்டுவந்தேன். அம்மா கேட்டாள்: "அந்தப் பொண்ணு சொன்ன பக்கம்தானே தள்றீங்க?"

"சும்மா இரு" என்றேன்.

திருகைத் திருப்பிக்கொண்டே வந்தேன். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு சிவப்புத் திட்டுக்குள் ஏதோ நிழல் மாதிரி ஆடியது. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் வளையம் வளையமாகத் தெளிந்து நின்றது. "வந்துடுச்சு" என்றாள் அம்மா. அழகாக இருந்தது, பிரபு. அந்த நேரத்தில் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் திருகை மேலும் திருப்பினேன். வளையங்கள் மங்கி, சில மில்லிமீட்டருக்குள் அழிந்துபோயின. திருப்பிக் கொண்டுவந்தேன், வந்தன. தள்ளினேன், போயின. அவள் சொன்னது போல, சொன்ன அளவில். பழைய பாடப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒளியின் வேகத்தை அந்த அகலத்தால் வகுத்தால் ஏறக்குறைய எவ்வளவு தூரம் கலையாமல் போகும் என்று கிடைத்துவிடும். அகலம் பாதியானால் தூரம் இரண்டு மடங்கு. இரண்டு வரிச் சமாச்சாரம். நான் தாண்டிப்போன பக்கத்தில் இருந்தது.

அம்மா கம்பளியை எடுத்து மடித்துக்கொண்டே, "போன் பண்ணி அவகிட்ட சொல்லுங்களேன். சந்தோசப்படுவா" என்றாள். அவ்வளவுதான் நான் செய்ய வேண்டியிருந்தது. ஒரு போன். "அம்மா மெர்சி, நீ சொன்னது சரி, வளையம் வந்துவிட்டது." அதைச் சொல்லியிருந்தால் அவள் வாழ்நாள் முழுக்க என்னை மதித்திருப்பாள். நான், "கண்ணாடி லூசா இருந்தது, டைட் பண்ணதும் வந்துச்சு" என்றேன். பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தவளிடமே சொன்னேன். கண்காட்சியில் நாகராஜ் சார் கேட்டபோதும் அதையே சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு பூங்கொத்துக் கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாமல், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பொங்கல் முடிந்த அந்த வாரக் கடைசியில்தான் நீ போன் செய்து, "மெர்சியைப் பத்தி இன்னாப்பா நினைக்கிறீங்க?" என்று கேட்டாய். உன் குரலில் பயம் இருந்தது. சாப்பாட்டில் நடந்ததற்கு நான் ஏதாவது வருத்தம் சொல்வேன் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். அந்தப் பெண் மருமகளாக இந்த வீட்டுக்குள் வந்தால், ஒவ்வொரு பண்டிகைக்கும் என் எதிரில் உட்காருவாள், அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும் என்பதே எனக்குத் தாங்கவில்லை. ஆனால் என்னைத் திருத்தினாள், அதனால் வேண்டாம் என்று ஒரு மனுஷன் எப்படிச் சொல்வான்? கைக்கெட்டிய தூரத்தில் வேறொரு காரணம் இருந்தது. அதைச் சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். பாதிப்பேர் சரிதான் என்றுகூடச் சொல்வார்கள். "சர்ச் பொண்ணு நம்ம வீட்டுக்கு ஒத்து வராதுப்பா" என்றேன். எந்தத் தயக்கமும் இல்லாமல் வந்தது.

நீ, "அத்தை கல்யாணத்தை நீங்கதானே நடத்தி வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டாய். அந்தக் கதையை உனக்குச் சின்ன வயசிலிருந்து நானே பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன். உன் தாத்தா தங்கச் சுரங்கத்து ஷாஃப்டில் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை, கோபக்காரர். அருள் சர்ச் பையன் என்றதும் சரோஜாவை அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். நான்தான் ஷிஃப்ட் முடிந்து வருகிறவரை மைன்ஸ் கேட்டிலேயே நின்று மடக்கி, நாளெல்லாம் அவரோடு வாதாடி, சம்மதிக்க வைத்து, ஆண்டர்சன்பேட்டை சர்ச்சில் அவள் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அதைச் செய்தபோது நான் நிஜமாகவே அப்படிப்பட்டவனாக இருந்தேன். நீ அதை ஞாபகப்படுத்தியபோது, "அது வேற காலம்" என்று சொல்லி போனை வைத்தேன்.

உன் அத்தை காதுக்கு இது எப்படிப் போனது என்று தெரியாது. மறுநாள் காலையில் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ண்ணா, அப்ப அவரு யாரு? இத்தனை வருசமா உன் பக்கத்துல உக்காந்து சாப்டாரே, அவரும் உனக்கு ஒத்து வராத ஆள்தானா?" என்றாள்.

"உன் விசயம் வேற சரோஜா."

"எப்படி வேற?"

வேறு இல்லை என்பதுதான் உண்மை. உண்மையைச் சொன்னால் கண்ணாடிக் கதையைச் சொல்ல வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு பேப்பரைப் படித்தேன். அவள் போய்விட்டாள். தீபாவளிக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு அருள் மாமா கொண்டுவரும் கேக் வரவில்லை. ஒரு பொய்யை உன்னிடம் மட்டும் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது நான் செய்த ஒரே நல்ல காரியத்தையும் திரும்பிப் போய் அழித்துவிட்டது. அருள் மாமா என்னை மச்சான் என்று கூப்பிட்ட வருஷங்களையெல்லாம், உள்ளுக்குள் இவன் நம்மை என்னவாக நினைத்தானோ என்று சந்தேகத்தோடு மறுபடி யோசித்துப் பார்த்திருப்பார்.

என் பேச்சை மீறி நடந்த உன் கல்யாணத்தன்று அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆட்டோவில் தனியாகப் போனாள். நீ சர்ச் வாசலில் என்னை எதிர்பார்த்து நின்றதாகப் பிறகு சொன்னாள். நாம் இருக்கும் ஸ்கெலட்டனிலிருந்து ஆண்டர்சன்பேட்டை எவ்வளவு தூரம்? நடந்தே வந்திருக்கலாம். நான் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "கல்யாணத்துக்குப் போகல இன்னா சார்?" என்று கேட்டார். முட்டி வலி என்றேன். சாயந்திரம் அம்மா திரும்பி வந்து புடவையை மாற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவள் எல்லாம் தெரிந்தவள். ஒரு நாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பொய்யை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு அவளும் சேர்ந்து சுமந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொல்லிக்கொண்டு போக அத்தை வீட்டுக்கு வந்திருந்தீர்கள். அம்மா காலையிலேயே போய்விட்டாள். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பன் வாங்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டைக்கு வந்து, அத்தை வீட்டுக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் நின்றேன். உங்கள் சிரிப்புச் சத்தம் ரோடு வரை கேட்டது. நீ அருள் மாமாவின் தோளைப் பிடித்து அமுக்கி ஏதோ வைத்தியம் செய்துகொண்டிருந்தாய். மெர்சி கைகழுவ வெளியே வந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

அவள் உள்ளே திரும்பி யாரையும் கூப்பிடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. ஈரக் கையோடு நின்று, கேட்டின் கொக்கியை எடுத்து, கேட்டைத் திறந்துவிட்டாள். பிறகு என்னைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்பது போல ஒதுங்கி நின்றாள். அந்தச் சின்ன ரோட்டைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்துவிட்டேன். திருடன் மாதிரி ஓடினேன் என்று சொன்னால்தான் சரி. இதை அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் நீ அன்றைக்கே என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருப்பாய்.

நீங்கள் சாயந்திர ரயிலுக்குப் போன பிறகு நான் திரும்பி வந்தேன். கேட் அப்போதும் திறந்தே இருந்தது. சரோஜா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அருள் மாமா நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தார். அம்மா கிளம்பத் தயாராக நின்றிருந்தாள். மூன்று பேர் முன்னாலும் பொங்கலன்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பாயிண்டர், கண்ணாடி, வளையம், கண்காட்சியில் சொன்ன பொய், உன்னிடம் சொன்ன பொய். சரோஜா ஈரக்கையைத் துடைக்கக்கூட மறந்து கேட்டாள்.

"ஒரு கண்ணாடிக்காகவா ண்ணா?" என்றாள். "ஒரு கண்ணாடிக்காகவா எங்க எல்லாரையும் இப்படிப் பண்ணே?" பிறகு அழுதாள். மதத்துக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் அழவில்லை. அப்போது கோபம்தான் பட்டாள். இப்போதுதான் அழுதாள். அருள் மாமா மடித்த நாற்காலியைச் சுவரில் சாய்த்தார். பிறகு, "மச்சான், நான் ஒரு வருசமா யோசிச்சு யோசிச்சு, நீங்க என்கூட எப்பெப்பச் சரியாப் பேசலைன்னு தேடிட்டிருந்தேன்" என்றார். அதைவிட என்னை அவர் அடித்திருக்கலாம். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. காபி போடச் சொன்னார். குடித்துவிட்டு வந்தோம். வழியில் அம்மா, "பிரபுவுக்கு எழுதுங்க. ஆனா மெர்சிகிட்ட எழுத்துல சொல்லித் தப்பிச்சுக்காதீங்க, நேர்ல போங்க" என்றாள். நீயும் வா என்றேன். "நான் வந்தா நீங்க என் பின்னாடி நின்னுக்குவீங்க" என்றாள்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு மிச்சமிருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது என் ரத்தத்தில் இருப்பது, உன்னிடமும் ஒரு ஓரத்தில் இருக்கும். மெர்சிக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து நீ கூடப் போகிறாய். புது ஊரில் பாஷை கற்று, பரீட்சை எழுதி, உன் வேலைக்குத் திரும்ப நாளாகும். அதுவரை அவள் பின்னால் போனவன் என்று நம் சொந்தக்காரர்கள் பேசுவார்கள். ஒரு வருஷத்துக்கு முன் என்றால் முதல் ஆளாக நானே பேசியிருப்பேன். எப்போதாவது சாப்பாட்டு மேஜையில், நாலு பேர் நடுவில், அவள் உன்னைவிடச் சரியாக ஒன்றைச் சொல்வாள். உனக்குச் சுருக்கென்று இருக்கும். அது எல்லோருக்கும் வருவதுதான், அதில் பாவம் ஒன்றுமில்லை. அப்போது வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் பொறு. மறுநாள் அவள் சொன்னது சரி என்று தெரிந்தால், அன்றைக்கே, முதலில் யார் முன்னால் மறுத்தாயோ அவர்கள் முன்னாலேயே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளிப்போட்டால் அதற்கு ஒரு காரணம் தேட வேண்டிவரும். கிடைக்கிற காரணம் எப்போதும் தப்பைவிட அசிங்கமானதாகத்தான் இருக்கும். தப்பாகச் சொன்னதற்காக யாரும் என்னை வெறுத்திருக்க மாட்டார்கள். லேசரின் அகலம் தெரியாத வாத்தியார் ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அது தெரிந்த பிறகு நான் செய்ததுதான் இந்த ஒரு வருஷம்.

நாகராஜ் சாரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். அவருக்கு அந்தப் பொங்கல் சாப்பாடே சரியாக ஞாபகமில்லை. "அப்படியா சார், அந்தப் பொண்ணு சொன்னது சரியா?" என்று கேட்டுவிட்டு, பேரனுக்குப் பால் கலக்கப் போய்விட்டார். யார் முன்னால் சின்னவனாகிவிடுவேன் என்று பயந்து இத்தனையும் செய்தேனோ, அவர் அதைக் கவனிக்கவே இல்லை. திரும்பி வரும்போது ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கூட்டத்துக்கு நடுவில் நின்றுவிட்டேன், எதற்கு வந்தேன் என்று மறந்து.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும். இதை மெர்சியிடம் காட்டாதே, நான் வரப்போகிறேன் என்றும் சொல்லாதே. சொன்னால் நான் வாய் திறக்கும் முன்பே அவள் பரவாயில்லை சார் என்று சொல்லிவிடுவாள். என் மானத்தை அவள் ஏற்கெனவே ஒரு தடவை காப்பாற்றியிருக்கிறாள், மறுபடியும் அந்த வேலையை அவள் தலையில் கட்டக் கூடாது. நான் முழுக்கச் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் கேட்கட்டும். கோபப்பட வேண்டுமானால் படட்டும். நீ நடுவில் வந்து எதையும் மென்மையாக்காதே.

உங்கள் வீட்டுக்கு நான் வந்ததே இல்லை. எந்த மாடி, எந்தக் கதவு என்று அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். மணி அடித்தால் நீ எழுந்து வராதே, பிரபு. கதவுக்கு வெளியே நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அவளுக்குத் திறக்க மனசிருந்தால் திறக்கட்டும்.

உன் அப்பா